கால்மாட்டில்

ராக்காயி செத்து ஒன்பது நாளாகியும் அவள் கால் தேய்க்கிற சத்தம் நிற்கவில்லை.

வடிவு முதலில் அதைக் கவனிக்கவேயில்லை. ஆறு வருஷமாகக் காதில் ஊறிப்போன சத்தம் அது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டின ஒற்றை அறைகளில், காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேலே வெறும் இருட்டுதான். அந்த இடைவெளி வழியாகப் பக்கத்துக் காம்பராப் புகை வரும், கருவாட்டு வாசம் வரும், இருமல் வரும். குப்பிலாம்பை ஊதி அணைத்த கொஞ்ச நேரத்தில், சாணி மெழுகிய தரையில் விரித்த சாக்கின்மேல் ராக்காயியின் இரண்டு குதிகால்களும் மாறி மாறி உரசுகிற சத்தமும் வரும். சர்ர்... சர்ர்... மழை பெய்தால் தகரத்தில் விழும் மழையோடு சேர்ந்து கேட்கும். மழை விட்டால் தனியாகக் கேட்கும்.

அன்றைக்கும் கேட்டது. ‘இந்தக்கா காலு ஒரு ராவாச்சும் சும்மா கெடக்குதா’ என்று பாதித் தூக்கத்தில் முனகிக்கொண்டு புரண்டு படுத்தவள், படுத்தபடியே விறைத்துப் போனாள்.

பக்கத்துக் காம்பரா பூட்டிக் கிடந்தது. புதைத்த மறுநாளே கணக்கப்பிள்ளை வந்து பூட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சர்ர்... சர்ர்... கையை மெல்லக் கீழே நீட்டித் தன் கெண்டைக்காலைத் தொட்டாள். அது ஆடிக்கொண்டிருந்தது. சாக்கில் உரசி உரசிக் குதிகால் எரிந்தது. தேய்த்துக்கொண்டிருந்தது அவளுடைய கால்தான்.

சிரிப்பு வந்தது. சீ, இதற்கா இப்படிப் பயந்தோம்! காலை நிறுத்தினாள்.

சத்தமும் நின்றது. ஆனால் உடனே அல்ல. இன்னும் இரண்டு தேய்ப்புக்குப் பிறகு.

அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. பகலெல்லாம் ஒன்றும் தெரியாது. நின்றால் தெரியாது, நடந்தால் தெரியாது. படுத்து, கம்பளியை இழுத்துப் போர்த்தி, உடம்பு சூடேறுகிற நேரத்தில்தான் முட்டிக்குக் கீழே, தோலுக்கும் எலும்புக்கும் நடுவில், எதுவோ ஊரத் தொடங்கும். அட்டை ஊர்வதுபோல. வெளியே கடிக்கிற அட்டைக்கு உப்பு இருக்கிறது, சுண்ணாம்பு இருக்கிறது. உள்ளே ஊர்கிறதுக்கு என்ன இருக்கிறது? காலை உதறினால் ஒரு மூச்சு நேரம் அடங்கும். மறுபடி ஊரும். எழுந்து நட, எழுந்து நட என்று அரிக்கும். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் மலையில் ஏறி இறங்கின கால், ராத்திரியிலும் நடை கேட்டது.

உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துப் பார்த்தாள். வேப்பெண்ணெய் தேய்த்தாள். அடுப்பில் சுட்ட செங்கல்லைச் சாக்கில் சுற்றிக் கால்மாட்டில் வைத்துக்கொண்டாள். எதுவும் ஒரு நாழிகைக்கு மேல் தாங்கவில்லை.

“என்னடி வடிவு, கண்ணு ரெண்டும் கோவப்பழமா செவந்திருக்கு?” பக்கத்து நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பூரணி கேட்டாள். “ஏழு மாசத்துலயும் வீரய்யாண்ணன் தூங்க விடலியா?”

“போடி நீ வேற. காலுடி. படுத்தா நிக்க மாட்டேங்குது. ராவெல்லாம் ஒதறிக்கிட்டே கெடக்கேன்.”

“புள்ள உள்ள ஒதைக்குது, தாயி வெளிய ஒதைக்கிறா. நடுவுல அண்ணன் எங்கிட்டுப் படுப்பாரு பாவம்!”

நிரையிலிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். வடிவும் சிரித்தாள். பூரணி கைநிறையக் கொழுந்தைத் தலைக்குமேல் வீசிக் கூடையில் போட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்: “ராக்காயிக்காவுக்கும் இப்பிடித்தானே?”

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

தோட்டத்து டிஸ்பென்சரியில், ரத்தம் பற்றாது என்று சொல்லி, வீட்டிலிருந்து கழுவிக்கொண்டு போன போத்தலில் சிவப்புத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள். ரத்தம் பற்றாதாம். பன்னிரண்டு வயதில் கூடை தூக்கினவள். அட்டைக்குக் கொடுத்தது போக, குளிருக்குக் கொடுத்தது போக, ஏழாம் மாதமே விழுந்து செத்த இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்தது போக மிச்சம் இருந்தால்தானே பற்றும்? கீழே நோட்டன் பிரிட்ஜில் ஆற்றை மறித்து மின்சாரம் எடுத்து, அதை இந்த மலைக்கு மேலேயே கம்பி கட்டிக் கொழும்புக்குக் கொண்டு போகிறார்கள்; அந்தக் கம்பிக்குக் கீழே லயத்தில் குப்பிலாம்பு. இவர்களுடைய ஓட்டுரிமையைப் பிடுங்கிப் பத்து வருஷம் ஆகிறது. ரத்தம் பற்றாததைக் கண்டுபிடிக்க ஒரு மருந்துக்காரரா வேண்டும்?

இந்தப் பிள்ளையும் ஏழாம் மாதத்தில் இருந்தது. அதுதான் வடிவின் பயம். கால் அல்ல.

முந்தின இரண்டு தடவையும் இடுப்பு வலி எடுத்தபோது புருஷன் வீரய்யா தேயிலை அரைக்கிற ஸ்டோரில் இராவேலையில் இருந்தான். லயத்தில் அவர்களுடையது கடைசிக் காம்பரா. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் ராக்காயி. இரண்டு தடவையும் வடிவு படுத்த இடத்திலிருந்தே சுவருக்கு மேலே பார்த்து “ராக்காயிக்கா!” என்று கத்தினாள். கூப்பிட்ட குரலுக்கு அவள் வந்தாள். உள்ளங்கையை விரித்து வயிற்றில் வைத்து, தலை எங்கே, கால் எங்கே என்று தடவிப் பார்த்தவள் அவள். பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனவளும் அவள்தான்.

அதனால் ராக்காயி காய்ச்சலில் செத்தபோது வடிவுதான் குளிப்பாட்டினாள். புருஷனும் போய், பெற்றது ஒன்றும் தங்காத பொம்பளைக்கு வேறு யார்? கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டத் துணி கேட்டபோது, தன்னுடைய பழைய பச்சைச் சேலையின் கரையைக் கிழித்து, அதை இரண்டாக்கி, ஒரு பாதியால் கட்டினாள். செத்த பிறகும் அந்தக் கால்கள் ஒன்றுக்கொன்று சேராமல் விலகிக்கொண்டு கிடந்தன. ஆறு வருஷத்துத் தூக்கக் கேடு, அழுகை, பாசம் எல்லாமாகச் சேர்ந்து வடிவின் கையில் வேகம் வந்தது. இழுத்து, ஒன்றுக்கு மூன்றாக முடிச்சுப் போட்டு இறுக்கினாள்.

“ஆட்டுன ஆட்டம் போதும்க்கா. இனியாச்சும் ஆடாம கெட.”

சுற்றி நின்றவர்களில் யாரோ ஒருத்தி அழுகைக்கு நடுவில் சிரித்தாள்கூட.

குழியில் இறக்கினதும் கால்கட்டை அவிழ்த்துவிட வேண்டும். கட்டோடு புதைக்கக் கூடாது; புதைத்தால் செத்தவர் போக முடியாது. அது எல்லாருக்கும் தெரியும். புதைகாட்டுக்குப் பெண்கள் போகக் கூடாது. அதுவும் எல்லாருக்கும் தெரியும். கட்டுகிறவள் ஒருத்தி, அவிழ்க்கிறவன் வேறு ஒருத்தன். அவிழ்த்தானா என்று கட்டினவள் போய்ப் பார்க்க முடியாது.

பதினோராம் நாள் விடிகாலையில் வீரய்யா ஸ்டோரிலிருந்து வந்தபோது காம்பராக் கதவு திறந்து கிடந்தது. தேடிக்கொண்டு ஓடினான். புதைகாட்டுக்குப் போகிற குறுக்குப் பாதையில், பனியில் சேலை நனைந்து உடம்போடு ஒட்டி, வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி வடிவு நடந்துகொண்டிருந்தாள். அவன் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் கண்ணில் பார்வை வந்தது.

“கீழ ஆத்துப் பள்ளம், புள்ள! ரெண்டு எட்டு தவறியிருந்தா ஒன்னையும் காங்க முடியாது, வயித்துல இருக்கிறதையும் காங்க முடியாது!”

அன்று சாயங்காலத்திலிருந்து அவன் வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனான். பூட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தது வடிவுதான்.

பதினைந்தாம் நாள் சாயங்காலம். பனி இறங்கி, எதிர்மலையை விழுங்கி, கோயில் மரத்தை விழுங்கி, வாசல் இஸ்தோப்புத் திண்ணை வரைக்கும் வந்து நின்றது. வீரய்யா கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு புறப்பட்டான்.

“ஒன்னு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. ராக்காயிக்கா கால்கட்ட அவுத்தீங்களா?”

அவன் திரும்பவில்லை. “இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?”

“அவுத்தீங்களா இல்லியா?”

“அவுத்திருப்பாங்க.”

“யாரு அவுத்திருப்பாங்க? கால்மாட்டுல நின்னது யாருங்க?”

கூரைத் தகரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகப் பனித் தண்ணீர் விழுந்தது.

“நான்தான்,” என்றான். “மழை, புள்ள. குழிக்குள்ள முட்டிக்கால் அளவுக்குத் தண்ணி. செல்லசாமி கங்காணி மேல நின்னுக்கிட்டுக் கத்துறாரு, ‘தொரை அரைநாள்தான் குடுத்திருக்காரு, வெரசா மண்ணத் தள்ளுங்கடா’ன்னு. நான் குனிஞ்சு பாத்தேன். துணி நனைஞ்சு, முடிச்சு இறுகிப் போயிக் கெடந்துச்சு. நகத்தால நோண்டுனேன். அவுறல. மேல மண்ணு விழ ஆரம்பிச்சிருச்சு.” கடைசியாகத் திரும்பி அவளைப் பார்த்தான். “மூணு முடிச்சு, புள்ள. யாரு அப்பிடிக் கட்டுனது?”

வடிவு தன் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

“நாளைக்குப் பதினாறு. பூசாரிகிட்டச் சொல்லி எதாச்சும் செய்வோம். இன்னைக்கு ஒரு ராவு பொறுத்துக்க.”

“இன்னைக்குப் பூட்டாம போங்க.”

“எப்பிடி புள்ள விட்டுட்டுப் போறது?”

“அப்ப நீங்களாச்சும் இருங்க.”

“கொழுந்து மலையா குமிஞ்சு கெடக்கு. போகலேன்னா நாளைக்குக் காலையில பேரு கூப்பிடுற பெரட்டுல நிக்க வச்சு, ஊரு பாக்கத் திட்டித் தொரத்துவாங்க.” கதவு சாத்திக்கொண்டது. சாவி திரும்பியது. இஸ்தோப்பில் அவன் காலடி, படியில், அப்புறம் பனியில்.

விளக்குத் திரியை வடிவு குறைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஸ்டோர்ப் பக்கமிருந்து, கொழுந்து வாட்டுகிற பச்சை வாசமும் உருட்டுகிற மெஷினின் முனகலும் பனியில் கலந்து, சன்னல் பலகையின் இடுக்கு வழியாக உள்ளே வந்து, அடுப்புச் சாம்பல் வாசத்தோடும் ஈரக் கம்பளி வாசத்தோடும் சேர்ந்து காம்பரா முழுக்கக் கனத்து நின்றன. தூரத்தில் நாய் ஒன்று குரைத்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டது. சுவருக்கு மேலே இருந்த இடைவெளியில் குப்பிலாம்பின் வெளிச்சம் ஏறிப்போய், அங்கே எதையும் தொட முடியாமல், கரைந்துபோனது.

படுக்கக் கூடாது என்று நினைத்திருந்தாள். ஆனால் ஏழு மாத வயிறு உட்காரவும் விடாது. படுத்தாள்.

தொடங்கிற்று.

முட்டியிலிருந்து கணுக்கால் வரைக்கும் ஊர்ந்தது. உதறினாள். மறுபடி ஊர்ந்தது. எழுந்து நடந்தாள். அடுப்படியிலிருந்து கதவு வரைக்கும் நாலு எட்டு. திரும்பினால் நாலு எட்டு. கதவைத் தள்ளிப் பார்த்தாள். பூட்டுத் தொங்குகிற சத்தம் மட்டும் வந்தது. நாலு எட்டு. இடுப்பு விண்விண் என்று தெறித்தது. நாலு எட்டு. இப்படியே விடிய விடிய நடந்தால் வயிறு இறங்கிவிடும். இந்தப் பிள்ளையும் போய்விடும். நின்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு எட்டு விழுந்தது. அதன் பிறகு அதுவும் நின்றது.

சர்ர்.

நடக்கிற சத்தம் அல்ல அது. இரண்டு கால்களையும் சேர்த்து இழுக்கிற சத்தம்.

வடிவின் கண் அடுப்படிக்குப் போனது. சட்டி இறக்குகிற கைத்துணி அங்கே ஆணியில் தொங்கியது. பச்சைச் சேலைக் கரை. மிச்சமிருந்த பாதி.

அதே துணி. அதே கை. அங்கே போய் அவிழ்க்க விடமாட்டார்கள். இங்கே அவிழ்க்கலாம் அல்லவா? தன் காலில் அதே கட்டைக் கட்டி, அவள் பேரைச் சொல்லி அவிழ்த்துவிட்டால்? பூசாரி வேறு என்னத்தைச் செய்துவிடப் போகிறான்?

சுவரில் சாய்ந்து, வயிற்றை ஒருபக்கமாக ஒதுக்கி, மூச்சு முட்டக் குனிந்து, இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டினாள். ஒரு முடிச்சு. இரண்டு. மூன்று.

“அக்கா. தெரியாம கட்டிட்டேன். ஒன் கட்ட அவுக்குறேன். நீ போயிரு.”

முடிச்சில் கையை வைத்தாள்.

அப்போதுதான் தெரிந்தது, கால் நின்றுவிட்டது.

ஊர்வது இல்லை. அரிப்பு இல்லை. முட்டிக்குக் கீழே ஒரு பெரிய அமைதி, வெந்நீர் ஊற்றினதுபோல, மெல்ல மேலே ஏறி வந்தது. பக்கத்துக் காம்பராவிலும் சத்தமில்லை. ஒரு வாரமாக மூடாத கண் தானாக இறங்கியது. கொஞ்ச நேரம். சும்மா ஒரு கண் அசருகிற நேரம். அப்புறம் அவிழ்த்துக்கொள்ளலாம். முடிச்சிலிருந்து கை நழுவியது.

விழித்தபோது விளக்கு அணைந்திருந்தது.

மல்லாக்கப் படுத்திருந்தாள். கைகள் இரண்டும் நெஞ்சின்மேல் இருந்தன. அப்படி வைத்துக்கொண்டதாக ஞாபகம் இல்லை.

சாம்பல் வாசம் இல்லை. கொழுந்து வாசம் இல்லை. ஈரக் களிமண் வாசம். புதிதாக வெட்டின மண்.

காலை அசைத்தாள். அசையவில்லை. கால் இருக்கிற இடமே தெரியவில்லை. குளிர் முட்டிக்கு வந்திருந்தது. தொடைக்கு வந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள். வயிறு விடவில்லை. பக்கவாட்டில் புரளப் பார்த்தாள். முடியவில்லை. கையை நீட்டினாள். முட்டியைத் தாண்டி எட்டவில்லை.

குளிர் இடுப்புக்கு வந்தது.

பிள்ளை.

வடிவு கத்தினாள். யாரைக் கூப்பிடுகிறோம் என்று யோசிக்கவில்லை. இரண்டு தடவை இதே இருட்டில், இதே இடத்தில் கிடந்து கத்தின வாய், பழகின பேரைத்தான் கத்தியது. சுவருக்கு மேலே பார்த்து.

“ராக்காயிக்கா!”

மெஷின் சத்தம்கூட நின்றதுபோல் இருந்தது.

கூப்பிட்ட குரலுக்கு அவள் வந்தாள்.

கதவு திறக்கவில்லை. பூட்டு அசையவில்லை. கால்மாட்டில் சாக்கு லேசாக அமுங்கியது. அவ்வளவுதான்.

விரல்கள். ஈரமான விரல்கள். பெருவிரலைத் தடவின. முடிச்சைக் கண்டுபிடித்தன. பொறுமையாக நோண்டின. நகம் ஒடிகிற சத்தம். மறுபடி நோண்டின.

ஒன்று அவிழ்ந்தது.

வடிவு மூச்சுவிடவில்லை.

இரண்டு.

மூன்று.

துணி விரலிடுக்கிலிருந்து உருவிக்கொண்டு போனது. மெதுவாக. முழுவதுமாக. காலில் ரத்தம் நெருப்பாய்ப் பாய்ந்தது.

“போயிரு அக்கா,” என்றாள் வடிவு. குரல் வரவில்லை. “அவுந்துருச்சு. போயிரு அக்கா.”

போகவில்லை. உள்ளங்கை ஒன்று விரிந்து அவள் வயிற்றின்மேல் உட்கார்ந்தது. மண் ஒட்டின கை. தலை எங்கே என்று தடவியது. தெரிந்த கை. பழகின தடவல். அப்புறம், கால் எங்கே என்று தடவியது.

கால் இருந்த இடத்தில் நின்றது.

நெடுநேரம் அங்கேயே இருந்தது.

பெரட்டுக்குக் கூப்பிடுகிற தப்பு மேளச் சத்தம் கேட்டபோது பலகை இடுக்கில் சாம்பல் வெளிச்சம் வந்திருந்தது. சாவி திரும்பியது. வீரய்யா, தேயிலைத் தூள் படிந்த முகத்தோடு உள்ளே வந்து, விளக்கைத் தேடினான்.

“நீங்க உள்ள வந்தீங்களா? ராவுல?”

“இப்பத்தானே புள்ள பூட்டத் தொறக்குறேன். ஏன், காலு எப்பிடி இருக்கு?”

வடிவு காலை நீட்டினாள், மடக்கினாள். சொன்னபடி கேட்டது. பெருவிரல்களைச் சுற்றித் துணி அழுத்தின சிவப்புத் தடம் மட்டும் இருந்தது. “நின்னுருச்சுங்க.”

அவன் கண்ணை மூடிக் கும்பிட்டான். “பாத்தியா? நாந்தான் சொன்னேன்ல, ஒரு ராவு பொறுத்துக்கன்னு.”

“துணிய எடுத்தீங்களா?”

“என்ன துணி?”

“பச்சத் துணி. கைத்துணி.”

அவன் சாக்கை உதறினான். பாயைத் தூக்கிப் பார்த்தான். அடுப்படியில் ஆணியைப் பார்த்தான். எங்கேயும் இல்லை. “எலி இழுத்துட்டுப் போயிருக்கும், விடு. நீ படு. நான் தேத்தண்ணி வைக்கிறேன்,” என்று அடுப்பில் குனிந்து ஊதினான்.

வடிவு வயிற்றில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். விடிகிற நேரத்தில் பிள்ளை உதைக்கும். அது அதன் வழக்கம். வலது விலாவுக்குக் கீழே ஒரு கால், கொஞ்சம் பொறுத்து இடதுபக்கம் இன்னொரு கால்.

உதைத்தது.

உயிரோடு இருக்கிறது. கண் கலங்கியது.

மறுபடி உதைத்தது. அதே இடத்தில்.

மறுபடியும். அதே இடத்தில். இரண்டு காலும். ஒன்றாக.

கையை எடுக்க முடியாமல் அப்படியே வைத்திருந்தாள். உதைப்பது நின்றது. வேறொன்று தொடங்கியது.

ஊதிக்கொண்டிருந்த வீரய்யா நிமிர்ந்து பக்கத்துச் சுவரைப் பார்த்தான். “என்ன புள்ள சத்தம் அது?”

சுவரில் இல்லை. அவள் உள்ளங்கைக்கு அடியில், இறுகிய தோலுக்கு அந்தப் பக்கம், இரண்டு சின்னக் குதிகால்கள், ஒன்றைவிட்டு ஒன்று விலக முடியாமல், சர்ர்... சர்ர்... என்று தேய்த்துக்கொண்டிருந்தன.